சேலம் – தருமபுரி – ஓசூர் ரயில் பாதை: மூன்று முறை போட்ட தடமும் தொப்பூர் காடும்

கேள்வி மூன்று பகுதியாக இருக்கிறது. சேலத்திலிருந்து தருமபுரி வழியாகப் பெங்களூரு போகும் பாதைக்கு என்ன வரலாறு? தொப்பூர் தாண்டியதும் வண்டி ஏன் ஊர்கிறது? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பகலில் அந்தக் காட்டைப் பார்க்க எந்த வண்டியில் ஏறுவது? வரலாறு தெரியாமல் ஊர்வதற்குக் காரணம் புரியாது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சேலத்துக்கு ரயில் வந்தது 1861-ல். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி ராயபுரத்திலிருந்து மேற்குக் கடற்கரையில் இருக்கும் பேப்பூருக்குப் போட்ட பாதை அது. ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், மொரப்பூர், பொம்மிடி, லோகூர், டேனிஷ்பேட்டை என்று சேர்வராயன் மலையின் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு சூரமங்கலத்தில் வந்து நின்றது. கடற்கரைக்குக் கடற்கரை போவதுதான் நோக்கம், தருமபுரி வழியில் இல்லை. ஆகவே பழைய சேலம் ஜில்லாவின் வடமேற்குப் பகுதி முழுவதும், தருமபுரி, பாலக்கோடு, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம், ரயில் இல்லாமலேயே கிடந்தன.

அதன் விலை 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் தெரிந்தது. சேலம் ஜில்லா அந்தப் பஞ்சத்தில் மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்று. தானியம் ரயில் நிலையம் வரை வந்துவிடும். அங்கிருந்து உள்ளூருக்கு மாட்டு வண்டிதான், பஞ்சத்தில் மாட்டுக்கே தீவனம் கிடையாது. வறண்ட பகுதிகளுக்குச் செலவு குறைவான சிறு ரயில் பாதைகள் போட வேண்டும் என்ற யோசனைக்கு இந்த அனுபவம்தான் பின்னணி. தண்டவாளங்களுக்கு இடையே 762 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அடி மட்டும் இருக்கும் குறும்பாதையாக இரண்டு கிளைகள் வந்தன. ஒன்று 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு. இன்னொன்று 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு. இது 1913-ல் ஓசூர் வரை நீண்டது.

குறும்பாதையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கணக்குதான். அகலம் குறைந்தால் வளைவை இன்னும் இறுக்கமாக வைக்கலாம், மலையைக் குடையாமல் சுற்றிப் போகலாம், லேசான தண்டவாளமும் சின்ன என்ஜினும் போதும். ஆனால் மொரப்பூரில் மெயின் லைன் அகலப்பாதை. வரும் ஒவ்வொரு மூட்டையையும் அங்கே இறக்கி மறு வண்டியில் ஏற்ற வேண்டும். லாரியும் பஸ்ஸும் வந்த பிறகு இந்த ஏற்றுக்கூலியோடு யாரும் மல்லுக்கட்டத் தயாராக இல்லை. கிருஷ்ணகிரிக் கிளை 1930களிலேயே மூடப்பட்டது. மொரப்பூர் – ஓசூர் பாதையை 1941-ல், போர்க்காலத்தில், மூடித் தண்டவாளத்தையும் பிடுங்கிவிட்டார்கள். கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றுவரை ரயில் திரும்பவில்லை. மொரப்பூர் – தருமபுரிக்கு 36 கிலோமீட்டர் அகலப்பாதை போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள்.

இப்போது ஓடும் பாதை அந்தக் குறும்பாதையின் வழியே போகவில்லை என்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பழையது மொரப்பூரிலிருந்து, அதாவது கிழக்கிலிருந்து தருமபுரிக்கு வந்தது. இன்றைய பாதை தெற்கிலிருந்து, ஓமலூர், தொப்பூர் வழியாக ஏறுகிறது. இதை 1960களில் மீட்டர்கேஜாக, அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதையாகப் போட்டார்கள். பிறகு 1990களில் அகலப்பாதையாக்கினார்கள். தருமபுரிக்காரர் கணக்கில் அது மூன்றாவது முறை தண்டவாளம் போட்டது. 2023 டிசம்பர் 30-ல் கோவை – பெங்களூரு வந்தே பாரத் இந்த வழியாக ஓடத் தொடங்கியபோது பாதை மின்மயமாகியிருந்தது. இரட்டைப் பாதை மட்டும் வரவில்லை, ஓமலூரிலிருந்து ஓசூர் வரை இன்னும் ஒற்றைத் தடம்தான். ஜோலார்பேட்டை வழியாகச் சேலம் – பெங்களூரு போவதைவிட இந்த வழி சுமார் 50 கிலோமீட்டர் குறைவு. இருந்தும் அந்த மிச்சம் நேரத்தில் அவ்வளவாகத் தெரியாது. அதற்குக் காரணம் தொப்பூர்.

சேலம் ஜங்ஷனை விட்டதும் மேக்னசைட் ஜங்ஷன். வெள்ளக்கல் சுரங்கங்களின் பெயரில் இருக்கும் இந்த இடத்தில் சென்னை மெயின் லைன் வலப்பக்கம் பிரிந்துவிடும், நாம் ஓமலூர் பக்கம் போவோம். ஓமலூரில் மேட்டூர் அணைப் பாதை இடப்பக்கம் பிரியும். மேட்டூர் அனல் மின் நிலையத்துக்குப் போகும் நிலக்கரி வண்டிகள் எல்லாம் இதுவரை நம்மோடு ஒரே தடத்தில் வந்தவைதான். சேலம் – ஓமலூர் துண்டில் நெரிசல் வந்ததும், மேக்னசைட் – ஓமலூர் – மேட்டூர் இரட்டைப் பாதைத் திட்டம் வந்ததும் இதனால்தான். ஓமலூருக்குப் பிறகு செம்மாண்டப்பட்டி, காருவள்ளி, தொப்பூர், முத்தம்பட்டி, சிவாடி, தருமபுரி. காருவள்ளி வரை வயல், தென்னை, செங்கல் சூளை. தொப்பூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை நெருக்கிக்கொள்ளும். உசிலும் முள்ளும் உன்னிப்புதரும் அடர்ந்த வறண்ட காடு. சிவாடி வந்தால் மேட்டு நிலம், தக்காளிக் கொல்லை, கேழ்வரகு.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், தருமபுரி சுமார் 470. இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கைத் தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவிலேயே ஏறித் தீர்க்க வேண்டியிருக்கிறது. நான்கு வழிச் சாலையில் தொப்பூர் கணவாயில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதும் செய்தியை வாரத்துக்கு ஒன்று படிக்கிறோமே, அதே ஏற்றம்தான். ரயிலுக்கு அது வேறு விதமாகத் தொல்லை தருகிறது.

முதலில் இழுவை. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவில் 1,000 டன் வண்டியை இழுக்க, மற்ற உராய்வெல்லாம் போக, ஏற்றத்துக்கு மட்டும் 10 டன் விசை வேண்டும். சமதளத்தில் அது பூஜ்யம். அதோடு வளைவு சேர்ந்தால் இன்னும் கடினம். அகலப்பாதையில் ஒவ்வொரு டிகிரி வளைவுக்கும் 0.04 சதவீதம் ஏற்றம் கூடியதாகவே கணக்கு வைப்பார்கள். மழையில் தண்டவாளம் நனைந்து, அதன் மேல் இலைச்சருகு நசுங்கினால் சக்கரம் வழுக்கும். அப்போது என்ஜினிலிருந்து தண்டவாளத்தின் மேல் மணல் தூவுவார்கள். என்ஜினின் அடிப்பக்கம் சக்கரத்தை ஒட்டி இறங்கும் சின்னக் குழாய் அதற்குத்தான்.

அடுத்தது வளைவு. இதை ஒரு கணக்கோடு சொன்னால்தான் விளங்கும். வேகத்தில் வண்டி வெளிப்பக்கம் தள்ளாமலிருக்க, வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்தி வைப்பார்கள். 350 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள், தோராயமாக ஐந்து டிகிரி. எக்ஸ்பிரஸ் வேகமாகப் போக வேண்டுமானால் உயர்த்தலைக் கூட்ட வேண்டும். ஆனால் அதே தடத்தில்தான் சரக்கு வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது. அந்த வேகத்துக்கு அந்த வளைவில் தேவைப்படும் உயர்த்தல் வெறும் 25 மில்லிமீட்டர். அதற்கு மேல் 75 மில்லிமீட்டர் வரை அதிகம் இருக்கலாம். அதையும் தாண்டினால் சரக்கு வண்டியின் எடை முழுவதும் உள் தண்டவாளத்தில் சாய்ந்து அதை நசுக்கித் தேய்த்துவிடும். ஆக உயர்த்தலின் உச்சம் 100 மில்லிமீட்டர். அந்த 100-க்கும், எக்ஸ்பிரஸுக்குத் தேவையானதைவிடக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்று அனுமதிக்கும் 75-க்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எக்ஸ்பிரஸுக்குக் கிடைப்பது மணிக்கு 67 கிலோமீட்டர் சுமார். வந்தே பாரத்தாக இருந்தாலும், பழைய நீலப்பெட்டி வண்டியாக இருந்தாலும் அந்த வளைவுக்கு அந்த வேகம்தான். இரட்டைப் பாதையாக இருந்திருந்தால் ஏறும் சரக்கு வண்டிக்கு ஒரு தடம், இறங்கும் வண்டிக்கு ஒரு தடம் என்று தனித்தனியாக உயர்த்தலை வைத்துக்கொள்ளலாம். ஒற்றைத் தடத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒன்றை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

மீட்டர்கேஜில் இதைவிட இறுக்கமான வளைவுகளுக்கும் அனுமதி உண்டு. கேஜ் மாற்றும்போது சில இடங்களில் வளைவை நிமிர்த்துவார்கள். மலைச்சரிவில் புதிதாக வெட்டுவது பெரிய செலவு என்பதால் பெரும்பாலும் பழைய தடத்தோடு ஒட்டியே போவார்கள். ஆகவே 1960களில் கோடு போட்டவர் எடுத்த முடிவு இன்றும் டிரைவரின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது.

மூன்றாவது, எதிர் வண்டிக்கு வழிவிட்டு நிற்கும் கிராசிங். பயணிகள் அதிகம் திட்டுவது இதைத்தான், காரணம் புரியாமல். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். எதிரே வருகிற வண்டி 10 கிலோமீட்டர் தள்ளி அடுத்த நிலையத்தைவிட்டு அப்போதுதான் கிளம்பியது என்றால், 50 கிலோமீட்டர் வேகத்தில் அது வந்து சேர 12 நிமிடம். நம் வண்டி நிலையத்தில் ஒதுங்கி நிற்கும் பக்கத் தடமான லூப் லைனுக்குள் 30 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து நிற்க, பிறகு தடத்தைத் திருப்பும் பாயின்ட் மாற்றிச் சிக்னல் விழ, மறுபடி வேகம் பிடிக்க என்று மேலும் ஏழெட்டு நிமிடம். ஒரு கிராசிங்குக்கு இருபது நிமிடம் சாதாரணம். நடுக்காட்டில் இன்னும் இரண்டு கிராசிங் நிலையம் கட்டினால் தீர்ந்துவிடுமே என்று கேட்பார்கள். நிலைய யார்டுக்குள் சரிவு நானூறுக்கு ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, நிறுத்திய பெட்டி தானாக உருளும். முழு நீளச் சரக்கு வண்டி நிற்க முக்கால் கிலோமீட்டர் சமதளம் வேண்டும். கணவாயில் அப்படி ஓர் இடத்தைத் தேடிப் பாருங்கள்.

இனி பாறை. 2021 நவம்பர் 12 விடியற்காலை 3.50 மணி அளவில் கண்ணூர் – யஷ்வந்த்பூர் வண்டி தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவே போய்க்கொண்டிருந்தபோது சரிவிலிருந்து பாறைகள் உருண்டு விழுந்து பெட்டிகள் சில தடம் புரண்டன. வண்டியில் 2,300-க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள், உயிர்ச்சேதம் இல்லை. அந்த நவம்பரில் தமிழ்நாடெங்கும் விடாமல் மழை.

மழைக்கும் பாறைக்கும் என்ன சம்பந்தம் என்றால், இந்தப் பக்கத்துக் கருங்கல் வெயிலிலும் ஈரத்திலும் வெங்காயம் உரிவதுபோல் அடுக்கடுக்காக உரியும். விளிம்புகள் மண்ணாகிவிடும், நடுவில் உருண்டையான குண்டு மிஞ்சும். சரிவை வெட்டிப் பாதை போட்ட இடங்களில் பார்த்தால், செம்மண்ணில் பெரிய குண்டுகளைப் புதைத்து வைத்ததுபோல் இருக்கும். காய்ந்திருக்கும்வரை மண் பிடித்துக்கொள்ளும். நாள் கணக்கில் மழை ஊறினால் அடியில் இருக்கும் மண் கரைந்து ஓடும். பிடி விட்டதும் குண்டு தன் பாட்டுக்கு உருளும். மரவேர் இடுக்கில் நுழைந்து நெம்புவது இன்னொரு காரணம். மழை நின்று வெயில் வந்த பிறகும் விழும் என்பதை மறக்கக் கூடாது.

இதற்கு ரயில்வே செய்வது பெரும்பாலும் கைவேலை. மழைக்காலத்துக்கு முன் ஆட்கள் கயிறு கட்டிச் சரிவில் இறங்கி, ஆடும் கற்களைக் கடப்பாரையால் தட்டி, வண்டி இல்லாத நேரத்தில் தாங்களே கீழே தள்ளிவிடுவார்கள். வெட்டின் உச்சியில் மேலிருந்து வரும் தண்ணீரை ஓரமாகத் திருப்ப ஒரு வாய்க்கால் இருக்கும். அது சருகால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் நேரே சரிவில் இறங்கும், பாதிச் சரிவுகள் கெடுவது இப்படித்தான். மோசமான இடங்களில் கம்பிவலை போர்த்துவார்கள். மழை இரவுகளில் ரோந்து உண்டு. தண்டவாளத்தைப் பராமரிக்கும் ஊழியர்களான டிராக்மேன்கள் இரண்டு பேர் எதிரெதிர்த் திசையிலிருந்து நடந்து வந்து சந்தித்து, ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்புவார்கள். இருவரும் முழுத்தூரம் நடந்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. இப்போது கையில் ஜி.பி.எஸ். கருவியும் இருக்கிறது.

பாதையில் கல் கிடப்பதைப் பார்த்தால் டிராக்மேன் செய்ய வேண்டியது இது: வண்டி வரும் திசையில் சிவப்பு விளக்கோடு ஓடி, 600 மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு வெடியை வைக்க வேண்டும். 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடிகள். வட்டமான தகர டப்பா மாதிரி இருக்கும், ஈயப் பட்டையால் தண்டவாளத்தில் கட்டிவிடலாம். சக்கரம் ஏறியதும் வெடிக்கும். மழையில் விளக்கு தெரியாவிட்டாலும் டிரைவருக்கு அந்தச் சத்தம் கேட்கும். ஒற்றைத் தடத்தில் வண்டி எந்தத் திசையிலிருந்தும் வரலாம் என்பதால் ஒரு பக்கம் வைத்து முடித்ததும் மறுபக்கமும் ஓட வேண்டும். மலைப்பாதையில் இருட்டில் ஜல்லி மேல் ஒன்றேகால் கிலோமீட்டர் ஓடுவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். கணவாயில் வண்டி ஊர்ந்து போகும்போது அதிகாரிகளை நொந்துகொள்கிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைக்கலாம்.

தருமபுரிக்கு அப்பால் சுருக்கமாகச் சொல்கிறேன். பாலக்கோடு, மாரண்டஅள்ளி தாண்டி ராயக்கோட்டைப் பக்கம் இன்னொரு ஏற்றம், ஓசூர் சுமார் 890 மீட்டர் உயரம். ராயக்கோட்டை, கெலமங்கலம் வட்டாரத்தில் கேழ்வரகு அறுவடைப் பருவத்தில் யானைக் கூட்டம் வரும். இரவில் தொடர்ந்து ஹாரன் கேட்டால் பயப்பட வேண்டாம்.

பகலில் பார்க்க எந்த வண்டி என்பதற்கு என் சிபாரிசு எர்ணாகுளம் – பெங்களூரு இன்டர்சிட்டி. காலையில் பெங்களூரிலிருந்து இறங்கி முற்பகலில் சேலம் வரும், பிற்பகலில் சேலத்திலிருந்து ஏறும். ஜன்னல் திறக்கும் இரண்டாம் வகுப்பு உட்காரும் இருக்கை எடுங்கள். கோவையிலிருந்து வரும் குர்லா எக்ஸ்பிரஸும் முற்பகலில் சேலம் தாண்டித் தருமபுரி ஏறும், நீண்டதூர வண்டி என்பதால் கூட்டம் இருக்கும். வந்தே பாரத்தில் போனால் வசதி, ஆனால் மூடிய கண்ணாடி வழியாகத்தான் காடு. எல்லா நிலையத்திலும் இறங்கி ஏறுகிறவர்களைப் பார்க்க ஆசையிருந்தால் சேலம் – யஷ்வந்த்பூர் வண்டி. மைசூர் – தூத்துக்குடி, மைசூர் – கடலூர் துறைமுகம், நாகர்கோவில் – பெங்களூரு ஆகியவை இரவில் இந்த இடத்தைத் தாண்டுபவை, காட்டுக்காக அவற்றில் ஏறிப் பயனில்லை. நேரங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாறும், புறப்படுவதற்கு முந்தின நாள் ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறுவது சேலம் ஜங்ஷனில், சூரமங்கலத்தில். சேலம் டவுன் நிலையம் விருத்தாசலம் பாதையில் இருக்கிறது, அங்கே போய் நின்று வண்டியைத் தவறவிடுகிறவர்கள் இன்னும் உண்டு. சேலத்திலிருந்து போகும்போது வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் ஓமலூர் தாண்டும்வரை சேர்வராயன் மலை கூடவே வரும். தொப்பூருக்குப் பிறகு எந்தப் பக்கமும் சரிதான். தருமபுரியில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தொப்பூர் கணவாய் வழியாகப் பஸ்ஸில் திரும்பினால் ஒரே மலையை இரண்டு விதமாகப் பார்த்ததாகும். அக்டோபர் முதல் ஜனவரி வரை பச்சை, ஏப்ரல் – மே மாதங்களில் குச்சிதான் மிஞ்சும்.

வாசலில் தொங்குவதையும், முத்தம்பட்டி பக்கம் இறங்கித் தண்டவாளத்தில் படம் எடுப்பதையும் தவிருங்கள். வளைவுக்கு அப்பால் இறங்கி வரும் மின்சார என்ஜினின் சத்தம் கடைசி நொடியில்தான் கேட்கும். அத்துமீறித் தண்டவாளத்தில் நுழைந்தால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முத்தம்பட்டி ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போகிறவர்கள் சாலை வழியாகப் போகலாம்.

காடு மட்டும் போதும், தருமபுரி வரை போக நேரமில்லை என்றால் சென்னை மெயின் லைனில் பொம்மிடிக்கும் டேனிஷ்பேட்டைக்கும் நடுவே வரும் வளைவுகளைப் பாருங்கள். பகலில் கோவை எக்ஸ்பிரஸ் போதும். ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது இருட்டில் தாண்டிவிடும், ஏற்காட்டுக்கு ரயிலே கிடையாது.

கடைசியாக, கேள்வியில் இல்லாத ஒன்று. இந்தப் பாதையைப் பற்றி மனு கொடுக்கிறவர்கள் சேலம் கோட்ட மேலாளருக்கு எழுதிவிட்டுப் பதில் வரவில்லை என்கிறார்கள். ஓமலூர் வரைதான் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். அதற்கு அப்பால் தொப்பூர், தருமபுரி, ஓசூர் எல்லாம் ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம். நிறுத்தம் கேட்பதானாலும், பிளாட்பாரத்தில் கூரை இல்லை என்பதானாலும், மனு போக வேண்டியது பெங்களூருக்கு. அவசரம் என்றால் ரயில்வே உதவி எண் 139.